வெடிக்காரன் துப்பாக்கி

மட்டாஞ்சேரி பஜாரில் பாலையா வீடு எது என்று கேட்டால் தாடையைச் சொறிவார்கள். வெடிக்காரன் வீடு என்று கேட்டால் சந்து முனை வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருடம் துப்பாக்கியும் கையுமாக மிளகுக் கிடங்குக்குக் காவல் நின்று, ஒரு தடவைகூடச் சுடாமல் செத்துப்போன மனிதனுக்கு ஊர் வைத்த பெயர் அது. மலையாளத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. சுடாதவனுக்கு வெடிக்காரன் என்று பெயர் வைக்க மட்டாஞ்சேரிக்குத்தான் வரும்.

பாலையா செத்து இரண்டு வருடமாகியும் பெயர் சாகவில்லை. அது அவன் பெண்டாட்டி பேச்சிக்கு வந்து சேர்ந்தது. சுக்குக் களத்தில் கூலி வாங்கப் போனாலும் ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் அவள் வெடிக்காரன் பெண்டாட்டிதான். பெயரோடு, பழைய முதலாளி அவனுக்கே கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கியும் வந்தது. ஒற்றை அறையின் மேற்குச் சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் அது கிடந்தது. மேலே ஓடு நாலு இடத்தில் ஒழுகியது. துப்பாக்கி இருந்த இடத்தில் மட்டும் ஒழுகவில்லை. அதற்கும் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எண்பத்தொன்றாம் வருடம், ஓணம் கழிந்த வாரத்தில், பேச்சி அதைப் பழைய சேலையில் சுற்றிப் பாய்க்குள் வைத்து உருட்டித் தோளில் எடுத்துக்கொண்டு, யூதர்கள் குடியிருந்த ஜூதத்தெருவுக்கு நடந்தாள். அங்கே ஹம்சாவின் பழம்பொருள் கடை. ஜூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குக் கப்பலேறியபோது அலமாரி, தூக்குவிளக்கு, கண்ணாடிப் பாத்திரம் என்று வாங்கிப் போட்டே ஆளாகிவிட்ட மனிதர். பேச்சியிடம் துப்பாக்கி இருப்பது தெரிந்து மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கூரை ஓடு மாற்றக் காசு வேண்டும் என்றுதான் அவள் சம்மதித்தாள். அவள் வெளியே சொன்ன காரணம் அது.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்த ஒருவர் வாயால் அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அது சுடக்கூடிய துப்பாக்கியா இல்லையா. சுடக்கூடியதுதான் என்றால், பஜார் பதினைந்து வருடமாகச் சிரித்த சிரிப்பு நியாயம்தான் என்று ஆகிவிடும்.

அறுபத்தாறாம் வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. சிமோன் முதலாளியின் கிடங்கில் சனிக்கிழமை வேலை கிடையாது. ஜூதர்களுக்கு அன்று ஓய்வுநாள்; கடை திறக்காது, கணக்கு எழுத மாட்டார்கள், அடுப்புகூடப் பற்றாது. தெருவே அடைத்துக்கிடந்தது. பட்டப்பகலில், வெளியே தலைகாட்ட முடியாத மழையில், காயல் பக்கமாக ஒரு வள்ளத்தில் ஐந்து பேர் வந்து இறங்கித் தண்ணீர்ப் பக்கத்துக் கதவை உடைத்தார்கள். முன்கட்டில் மிளகு. உள்கட்டில் ஏலக்காயும் கிராம்பும். முழு வருடத்துச் சரக்கு. பாலையா உள்கட்டு வாசலில் குறுக்கே நின்று துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

கிடங்கு முற்றம் தெரிகிற எதிர்க் கட்டிட மாடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த ராஜப்பன் அதைப் பார்த்தான். ராஜப்பன் பஜார் சுமட்டுக்காரர்களின் தலைவன். மூட்டை தூக்கும் கொக்கி எப்போதும் இடுப்பில் தொங்கும். ஐந்து பேரும் பாலையாவையே பார்த்தபடி மூன்று சாக்கு மிளகைத் தூக்கி வள்ளத்தில் போட்டுக்கொண்டு போனதையும், பாலையா சுடாமல் மரம்போல் நின்றதையும் அவன்தான் பஜாருக்குச் சொன்னான். நடித்தும் காட்டினான். சாயாக்கடையே விழுந்து விழுந்து சிரித்தது. துப்பாக்கி கையில் இருந்தும் ஏன் சுடவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாலையா ஒரே பதில்தான் சொன்னான்: "மனுசனைச் சுடத் தோணல." அன்று சாயங்காலமே அவன் வெடிக்காரன் ஆகிவிட்டான். போன மூன்று சாக்கை எல்லாரும் எண்ணினார்கள். உள்கட்டில் போகாமல் இருந்ததை ஒருவரும் எண்ணவில்லை. சிமோன் முதலாளி மட்டும் அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. முதலாளிக்கு இளகிய மனசு என்று ஊர் சொல்லிக்கொண்டது.

ஹம்சா கடைக்குள், துப்பாக்கியைப் பார்க்க அவர் காயலுக்கு அக்கரைக் கலூரிலிருந்து வரவழைத்த மனிதர் முன்னமே உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். பெயர் நல்லசிவம். திருநெல்வேலிக்காரர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது எஸ்டேட்காரர்களின் வேட்டைத் துப்பாக்கிகளைச் சரிசெய்து கொடுப்பவர். மேசையில் அவருடைய பூதக்கண்ணாடி, டார்ச், கம்பளித் துணி, ஒரு சின்னச் சீசாவில் மண்ணெண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன.

"வாங்க தங்கச்சி. பாயைப் பிரிங்க. நான் தொட மாட்டேன், மொதல்ல பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கடைக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது பேச்சிக்கு. பிறகுதான் கம்பளித் துணியால் பிடித்துத் தூக்கி, வலது பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணாடியை வைத்தார்.

"கிரீடம் இருக்கு. கீழ வி, ஆர்னு ரெண்டு எழுத்து. விக்டோரியா ராணி காலம். அதுக்கும் கீழ என்ஃபீல்டுன்னு செஞ்ச எடம். வருசம் ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தெட்டு." நிமிர்ந்தார். "இது மார்ட்டினி. வெள்ளக்காரப் பட்டாளத்துத் துப்பாக்கி. அடியில வளையம் மாதிரி ஒரு பிடி இருக்குல்லா, அதைக் கீழ இழுத்தா பின்பக்கம் தொறக்கும். ஒரு தோட்டா போடணும், சுடணும், மறுபடி தொறக்கணும். நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, பாத்தா அப்பிடியா இருக்கு?"

"மார்ட்டினி" என்று ஹம்சா பயபக்தியோடு திரும்பச் சொன்னார்.

நல்லசிவம் கட்டையைத் தட்டிப் பார்த்தார், குழாயின் நீளத்தை அளந்தார், திருகாணிகளின் தலையைத் தடவினார். "இதை வச்சிருந்தவரு கெட்டிக்காரரு. செங்கப்பொடி போட்டுத் தேய்க்கல. ஆயுத பூசைக்குப் பளபளன்னு இருக்கணும்னு தேய்ச்சே நாசம் பண்ணியிருப்பாங்க, அப்பிடி எத்தனையோ பாத்திருக்கேன். எழுத்தே இருக்காது. இவரு வெறும் தேங்காண்ணெயத் தொட்டுத் தொடைச்சிருக்காரு."

"எத்ர கிட்டும் நல்லசிவண்ணா?" ஹம்சாவுக்குப் பொறுக்கவில்லை.

"முழுசாப் பாக்கல இன்னும். எல்லாம் சரியா இருந்து, சுடவும் செய்யும்னா, லைசென்ஸ் உள்ள ஒருத்தரு பெங்களூர்ல இருக்காரு. நாலாயிரம் குடுப்பாரு."

நாலாயிரம் ரூபாய். ஓடு மாற்றி, சுவருக்குக் காரை பூசி, இளைய மகளுக்கு ஒரு சங்கிலியும் எடுக்கலாம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் பேச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. துப்பாக்கியின் விலை ஏற ஏற, பாலையா இறங்கிக்கொண்டே போனான்.

"அப்ப இது சுடுமா அண்ணாச்சி?"

"சுடத்தானம்மா செஞ்சான்" என்றார் நல்லசிவம்.

பிடியைக் கீழே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பழைய எண்ணெய் காய்ந்து இறுகியிருந்தது. இடுக்குகளில் மண்ணெண்ணெய் விட்டுவிட்டுத் துப்பாக்கியை மறுபக்கம் புரட்டினார். அங்கே, குழாயின் அடிப்பகுதியில், கட்டையோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். வருஷாவருஷம் மேலே மேலே வைத்துக் காய்ந்து, ஒரு அப்பளத்துண்டு கனத்துக்கு ஏறியிருந்தது.

"இதைத் தொடைக்கணும்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

அவள் குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது. நல்லசிவம் கையை எடுத்துவிட்டார். அவரும் ஆயுத பூஜை கும்பிடுகிற மனிதர்தான். ஆனாலும் விடவில்லை. "குண்டு வெடிக்கிற எடம் அதுதான் தங்கச்சி. கீறல் இருக்கா, இந்தப் பக்கம் வேற முத்திரை இருக்கான்னு பாக்காம நான் வெல எழுதிக் குடுக்க முடியாது. என் பேரு கெட்டுப்போகும்."

"சேச்சி, ஒரு பொட்டல்லே. பின்னே வேற வெச்சுக்கலாம்" என்று ஹம்சா இழுத்தார்.

வேறு வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவர்கள் வழக்கம் வேறு. ஆயுதத்துக்குப் பொட்டு வைப்பது அதை எடுக்கிறவன். அரிவாளுக்கு அரிவாள்காரன், தராசுக்குத் தராசுக்காரன். பழைய பொட்டை அழிக்க வேண்டுமானாலும் அவனேதான், அதுவும் பூஜை நாளில் மட்டும்தான். பாலையா அதில் மகா கறார். ஒவ்வொரு வருஷமும் துப்பாக்கியைக் கிடங்கு அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பொட்டு வைத்த பிறகுதான் வெளியே கொண்டுவருவான். ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்த கடைசி வாரத்தில்கூட, வேறு எதையும் ஒழுங்காகப் பேச முடியாதவன் அதை மட்டும் தெளிவாகச் சொன்னான்: "பேச்சி, துப்பாக்கிப் பொட்டுல கை வைக்காத." என்ன பக்தி என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் போனபின் வந்த பூஜைகளுக்கும் அவனுடைய பொட்டை அழிக்காமல் அதன் மேலேயே தன் சந்தனத்தை ஒட்டிவைத்தாள்.

அவளுக்குத் தன்னைப் பற்றியே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. பஜார் சிரித்ததை மன்னித்துவிடலாம், பஜார் எதற்கும் சிரிக்கும். மூத்தவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "வெடிக்காரர் வீட்டுல வாணவேடிக்கை உண்டுமா?" என்று கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து பேச்சி தன் ஆத்திரத்தையெல்லாம் பாலையா மேல் கொட்டினாள். "ஒரே ஒரு தடவை வானத்தைப் பாத்துச் சுட்டிருந்தாக்கூட இந்தப் பேரு வந்திருக்காதே. அதுக்குக்கூடவா உங்களுக்குத் தைரியமில்ல?" பாலையா சின்னதாகச் சிரித்தான். துணியை எடுத்துத் தேங்காயெண்ணெயில் தொட்டுத் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு எரிச்சலாக வரும்.

அரைமணி நேரம் கழித்து நல்லசிவம் பிடியை மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தார். ஒரு முனகலோடு அது இறங்கியது. பின்பக்கம் திறந்துகொண்டது. டார்ச்சை அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"உள்ள என்னமோ துருத்திக்கிட்டு நிக்கி. மெழுகு மாதிரி." மறுபடி பார்த்தார். மறுபடி மூடி, விசையை அழுத்தினார். பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவினார். "ஊசியும் இல்லை."

"ஊசின்னா?"

"தோட்டாவோட பின்பக்கத்துல குத்துற ஊசி. அது குத்தினாத்தான் மருந்து பத்தும். ஊசி இல்லாட்டி சுடாது."

பேச்சி மேசையை நெருங்கி வந்தாள். "சுடாதா?"

"இப்ப சுடாது. ஆனா ஊசிதான, வேற செஞ்சு போட்டுக்கலாம், எங்கிட்டயே முடியும். அது எப்பப் போச்சுன்னு யாரு கண்டா? போன மாசம் விழுந்திருக்கலாம், அம்பது வருசம் முன்னாலயும் விழுந்திருக்கலாம்." பொட்டைக் காட்டினார். "அந்த மெழுகு துருத்துற எடத்துக்கு நேரே வெளியில இதுதான் இருக்கு. மிச்சத்தை இதுதான் சொல்லணும். ஒங்களுக்கு இஷ்டமில்லாட்டி வேண்டாம். பாயில சுத்திருவோம், நான் படகைப் பிடிச்சிப் போயிருதேன்."

ஹம்சா வாயைத் திறந்தவர், நல்லசிவம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பேச்சி வெகுநேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. பாலையாவின் பேச்சை அவள் வாழ்நாளில் தட்டியதில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் செத்தவன் சொன்னதைத் தட்டுவது வேறு. அதுவும் சாமி காரியத்தில். தட்டாவிட்டாலோ சாகும்வரை அந்தக் கேள்வி சுவரில் அவளுக்கு எதிரே இரண்டு ஆணிகளில் கிடக்கும்.

"கொஞ்சம் வெள்ளம் தாங்க இக்கா" என்றாள். "வேற யாரும் தொட வேண்டாம். நானே அழிக்கிறேன்."

ஹம்சா அவசரத்தில் விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். பேச்சி முந்தானையை நனைத்துப் பொட்டின் மேல் வைத்து அழுத்தினாள். முதலில் அவள் வைத்த சந்தனம் கரைந்தது. அதன் கீழே பாலையா வைத்தது. அது சீக்கிரம் விடவில்லை. நகத்தால் சுரண்டச் சுரண்டப் பழுப்பும் சிவப்புமாக ஏடு ஏடாக வந்தது. மனசுக்குள் மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிக்கொண்டே சுரண்டினாள். கடைசி ஏடு வந்ததும் அடியில் சந்தனம் இல்லை. குங்குமமும் இல்லை. சிவப்பு அரக்கு.

பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. அதன் நடுவில் ஒரு முத்திரை பதிந்திருந்தது. நல்லசிவம் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "இது பட்டாள முத்திரை இல்ல. என்னன்னு வெளங்கலையே. பாய்மரம் மாதிரி..."

"கப்பல்" என்றாள் பேச்சி. அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. "சிமோன் முதலாளியோட கப்பல் முத்திரை. வெளிநாட்டுக்கு மொளகு சாம்பிள் அனுப்புற பொட்டலத்துல எல்லாம் இதைத்தான் வைப்பாங்க. இருபது வருசம் பாத்திருக்கேன். முதலாளி மேசைப் பூட்டுக்குள்ளதான் இருக்கும். வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டாரு."

நல்லசிவம் ஒரு பேனாக்கத்தியை நீட்டினார். அவள்தான் நெம்பினாள். அரக்கு ஒரே கட்டியாகக் கழன்று வந்தது, அடியில் ஒரு வால் மாதிரி நீட்டிக்கொண்டு. அது இருந்த இடத்தில் குழாயில் ஒரு துளை. சுண்டுவிரல் நுழையும் துளை. நல்லசிவம் துப்பாக்கியைத் தூக்கி வாசல் பக்கம் பிடித்தார். துளை வழியாக ஜூதத்தெரு வெயில் உள்ளே விழுந்தது. துளைக்குப் பக்கத்தில் ஆழமாக இரண்டு எழுத்துகள் குத்தியிருந்தன.

"டி.பி." என்று படித்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "டிரில் பர்ப்பஸ். கவாத்துக்கு மட்டும்னு அர்த்தம் தங்கச்சி. துப்பாக்கி வயசாகிப் போச்சுன்னா, பட்டாளத்துலயே குழாயில துளை போட்டு, ஊசியை அறுத்துட்டு, இந்த ரெண்டு எழுத்தக் குத்தி, புதுப் பசங்க தோள்ல வச்சு நடந்து பழகக் குடுத்துருவான். அப்புறம் ஏலத்துல போடுவான். துளை ஓரத்துத் துருவைப் பாருங்க, இது நேத்துப் போட்ட துளை இல்ல. நீங்க பொறக்கறதுக்கு முன்னாலயே இது ஊமை. இதுல தோட்டா போட்டுச் சுட்டா நெருப்பு சுடுறவன் மூஞ்சிக்குத்தான் வரும்."

"சிமோன் முதலாளி இஸ்ரேலுக்கு எப்பப் போனாரு?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"எழுபத்திமூணுல."

"அதுக்கு முன்னாலயே அரக்கு வச்சாச்சு. அப்ப ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. முதலாளிக்கும், வருசாவருசம் அரக்கு மேல பொட்டு வச்ச மனுசனுக்கும்."

பேச்சிக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்ற கோபம். முப்பது வருடம் ஒரு தட்டில் சாப்பிட்டவளிடம் மறைத்தானே என்று. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபமும் தணிந்தது, ஏனென்றால் பேச்சி நேர்மையானவள். சுக்குக் களத்தில் அவளோடு நாற்பது பெண்கள் உட்காருவார்கள். சொல்லியிருந்தால், அவள் வாய் சும்மா இருந்திருக்குமா? புருஷனை ஒருத்தி கேலி பேசிய அடுத்த நிமிஷமே, அட போடி, அது சுடாத துப்பாக்கிடி என்று உடைத்திருப்பாள். சாயங்காலம் பஜார் முழுக்கத் தெரிந்திருக்கும். மறுவாரம் வள்ளம் ஒன்றல்ல, பத்து வந்திருக்கும். அப்புறம் கிடங்கு ஏது, காவல் ஏது. முதலாளி போனபிறகு வந்த புது முதலாளியும் துப்பாக்கியோடு சேர்த்துத்தான் அவனை வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையை அவள் மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஐந்து பேர். கையில் இருந்தது இரும்பும் கட்டையும் மட்டும். அது வெடிக்காது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவர்கள் துணிந்து ஒரு அடி முன்னால் வந்திருந்தால் அவனை அடித்தே கொன்றிருப்பார்கள். அவன் நகரவில்லை. அவர்களும் உள்கட்டுப் பக்கம் வரவில்லை. மூன்று சாக்கோடு போய்விட்டார்கள். அவள் அவனைக் கேட்டது, அதுக்குக்கூடவா உங்களுக்குத் தைரியமில்ல என்று.

அப்போதுதான் அழுதாள்.

ஹம்சா எழுந்து போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். கொஞ்சநேரம் கழித்துத் திரும்பியபோது அவருக்கும் வியாபாரம் ஞாபகம் வந்துவிட்டது. "அப்போ வெல?"

"சொவத்துல மாட்ட அழகாருக்கும். எரநூறு, எரநூத்தம்பது" என்றார் நல்லசிவம். "லைசென்ஸ் தொல்லை இல்லை. இது துப்பாக்கியே இல்லைல்லா."

நாலாயிரத்திலிருந்து இருநூற்றைம்பதுக்கு விழுந்ததைக் கேட்டுப் பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹம்சா அவளை விநோதமாகப் பார்த்தார். அவருடைய கடையில் விலை குறைந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

"நான் விக்கல இக்கா. ஆனா ஒரு உபகாரம் செய்யணும். அண்ணாச்சி இப்பச் சொன்னதை ஒரு கடலாசுல எழுதணும். மலையாளத்துல எழுதணும், பஜார்ல எல்லாரும் மலையாளம்தான் வாசிப்பாங்க. துப்பாக்கியை உங்க கடை வாசல்ல மாட்டுங்க, ஓட்டை வெளிய தெரியுற மாதிரி. கடலாசு அதுக்குக் கீழ. ஆயுத பூசை வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்கு வந்து எடுத்துக்கிடுவேன்."

"விற்காத சாதனத்தை என் கடையில தூக்கணும், அல்லே?" ஹம்சா தலையைச் சொறிந்தார். பிறகு வாசலில் நின்று பார்க்கிற கூட்டம் உள்ளேயும் வரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். "செரி" என்றார்.

நல்லசிவத்துக்கு மலையாளம் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல ஹம்சா எழுதினார். இந்தத் துப்பாக்கி நூற்று மூன்று வருடம் பழையது, பட்டாளத்திலேயே குழாய் துளைத்து ஊசி அறுக்கப்பட்டது, பாலையா கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதனால் சுட முடியாது, இது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நாலு வரி. அடியில் நல்லசிவம் தமிழில் கையெழுத்துப் போட்டுப் பட்டாள நம்பரையும் சேர்த்தார். கூலி என்று எடுத்துக் கொடுத்ததை வாங்கவில்லை. "இப்பிடி ஒரு ஆளை நான் பட்டாளத்துலயே பாக்கல தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகு பிடிக்க நடந்தார்.

பேச்சி அந்தத் தெருப் பக்கம் ஒரு மாதம் போகவில்லை. யார் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கவுமில்லை. விசாரித்தால் எதிர்பார்க்கிறோம் என்று ஆகிவிடும். ஆனாலும் சுக்குக் களத்தில் ஒரு மாற்றம் காதில் விழுந்தது. யாரோ ஒருத்தி வெடிக்காரன்டெ என்று ஆரம்பித்து நிறுத்தி, பேச்சியக்கா என்று திருத்திக்கொண்டாள்.

ஆயுத பூஜை அன்று காலையில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போனாள். பஜார் ரோட்டில் கைவண்டிகளுக்கும் தராசுகளுக்கும் மாலை போட்டிருந்தார்கள். சுமட்டுக்காரர்கள் குளித்துவிட்டு வரிசையாகக் கொக்கிகளைக் கழுவி வைத்திருந்தார்கள். ஹம்சா கடை வாசலில் துப்பாக்கி அப்படியே தொங்கியது. காகிதம் வெயிலில் மஞ்சளாகியிருந்தது.

துப்பாக்கியில் முன்னமே ஒரு பொட்டு இருந்தது.

துளையின் மேல் இல்லை. துளையை ஒட்டி, ஒரு விரல் தள்ளி, புதுச் சந்தனம். நடுவில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. பேச்சி கடைக்குள் பார்த்தாள். ஹம்சா கைவிரித்துத் தெருவின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ராஜப்பன் நின்றுகொண்டிருந்தான். தலைக்கட்டுத் துண்டு அவிழ்ந்து கையில் இருந்தது. அவனுக்கும் அறுபது நெருங்கிவிட்டது. அவள் பார்த்ததும் தெருவைத் தாண்டி வந்தான்.

"நான்தான் வெச்சேன் அக்கா. எடுக்குறவன்தான் வெக்கணும், எனிக்கும் அறியும். அவன் இல்லியே." அவன் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு பேசினான், அவளைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நான் மாடியில இருந்து பாத்தேன். மழை விட்டு நான் இறங்கி வர்ற வரைக்கும் அவன் தோள்ல இருந்து அதை இறக்கல. கை நடுங்கல. நான் அதை யாரோடும் சொல்லல. மூணு சாக்கு போனதைச் சொன்னேன், இதைச் சொல்லல."

அவனைத் திட்ட அவளிடம் பதினைந்து வருடச் சரக்கு இருந்தது. வாயில் வந்தது வேறு.

"நீயாவது வெளியில நின்னு சிரிச்ச ராஜப்பா" என்றாள். "நான் வீட்டுக்குள்ள வச்சே தைரியமில்லையான்னு கேட்டேன்."

ராஜப்பன் துப்பாக்கியை ஆணியிலிருந்து கழற்றி இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். அவள் கொண்டுவந்த சந்தனத்தைத் தொட்டு அவன் வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். துளையைத் திறந்தே விட்டாள். இந்தத் தடவை சேலையில் சுற்றவில்லை, பாயும் கொண்டுவரவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு பஜார் ரோடு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.